தெற்கே போனவர்

ரெய்க்யவிக்
8 ஜனவரி 2012

அன்புள்ள அக்கா ஹெர்டீஸ்,

நலமும் ஆசியும் உன்னோடு இருக்கட்டும். நான் நலம் என்று எழுதினால் நீ சிரிப்பாய். நலமாக இருப்பவனை எதற்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்க வைக்கிறார்கள்?

நாளை மறுநாள் ஆபரேஷன். என் இதயத்தில் வால்வு ஒன்று சுண்ணாம்பு பிடித்துப் பாதிதான் திறக்கிறதாம். அதை எடுத்துவிட்டு மாட்டின் சவ்வில் செய்த புதிய வால்வைத் தைக்கப் போகிறார்கள். பக்கத்துக் கட்டிலில் வடக்கே ஆடு வளர்க்கும் ஃபின்போகி என்பவர் இருக்கிறார். "மாட்டை எதுக்குய்யா நம்புறே? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நல்ல கடாவோட வால்வா பாத்துக் குடுத்திருப்பேன்ல" என்கிறார். வயிறு வலிக்கச் சிரித்தோம். நர்ஸ் வந்து இருவரையும் திட்டிவிட்டுப் போனாள்.

தொலைபேசியில் பேசலாம்தான். ஆனால் படகு எஞ்சின் என் காதைத் தின்றுவிட்டது உனக்குத் தெரியும். நேரில் பேசுபவரின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். தொலைபேசியில் யார் பேசினாலும் தண்ணீர் கொதிப்பதுபோலத்தான் கேட்கிறது. அதனால் எழுது.

கட்டியவன் நான் இங்கே கிடக்க, ஸ்வாவாவைப் பார்த்துக்கொள்ள நீ அகுரேரியிலிருந்து வந்து தங்கியிருப்பதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இலையுதிர் காலத்திலேயே என்னைக் கூப்பிட்டார்கள். அவளை யாரிடம் விடுவது என்று தள்ளிப் போட்டேன். அவள் தப்பாகச் சொன்னால் திருத்தாதே. நீ வாத்தியார், கை துறுதுறுக்கும். திருத்தினால் அழுவாள்.

ஒன்று சொல்ல வேண்டும். 25ஆம் தேதி நம் தெருவுக்குச் சூரியன் திரும்பி வருமே, அன்றைக்கு அப்பம் சுட்டுச் சூரியக் காபி குடிக்க உட்காரும்போது நானும் மேஜையில் இருப்பேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். இந்த மறதி நோய் வந்ததிலிருந்து கிழமையும் தேதியும் அவள் தலையில் தங்குவதில்லை. இரண்டு மாதம் மலைக்குப் பின்னால் கிடந்த சூரியன் வருவது தங்கும் என்று நினைத்தேன். டாக்டரும் பத்துப் பன்னிரண்டு நாளில் போகலாம் என்றுதான் சொல்கிறார்.

என்னைப் பற்றி அவள் கேட்டால் எழுது. கேட்காவிட்டாலும் எழுது.

உன் தம்பி,
டோர்ஃபி


ஈசஃபியோர்து
12 ஜனவரி

அன்புள்ள டோர்ஃபி,

கடவுள் உன்னைக் காக்கட்டும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று நர்ஸ் தொலைபேசியில் சொன்னாள். நீ கண் விழித்ததும் முதலில் கேட்டது காபி என்றும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

ஸ்வாவா நலம். காலையில் கஞ்சியும் மீன் எண்ணெயும். மதியம் வெண்ணெய் தடவிய கருவாடு. சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்துக்கொண்டு காபியை உறிஞ்சுகிறாள். என் வீட்டில் சின்னப் பிள்ளைகளை அப்படிக் குடிக்க விடமாட்டேன், இங்கே வாயைத் திறக்கவில்லை, பார்த்துக்கொள்.

உன்னைப் பற்றிக் கேட்கிறாளா என்றாய். கேட்கிறாள். காலையில் கேட்கிறாள், பாத்திரம் கழுவும்போது கேட்கிறாள், கழுவி முடித்ததும் கேட்கிறாள். "அண்ணி, டோர்ஃபி எங்கே?" "தெற்கே போயிருக்கான் ஸ்வாவா. சூரியன் வந்ததும் வந்திருவான்." "அப்போ காபித்தூள் வாங்கணுமே. அவருக்கு திக்கா இருக்கணும்." இப்போதே மூன்று பொட்டலம் சேர்ந்துவிட்டது.

எனக்கு இது சலிக்கவில்லை. முன்பு என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான், பெருக்கல் வாய்ப்பாட்டில் ஏழாம் வாய்ப்பாட்டை மட்டும் தினமும் புதிதாகக் கேட்பான். ஒவ்வொரு நாளும் பதில் கேட்டதும் அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதற்காகவே சொல்லலாம். ஸ்வாவாவின் முகமும் அப்படித்தான்.

நன்றாகச் சாப்பிடு. எழுந்து நடக்கச் சொன்னால் நட.

அன்புடன்,
ஹெர்டீஸ்


ரெய்க்யவிக்
19 ஜனவரி

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். காபித்தூள் இடத்தை ஐந்து தடவை.

என் சேதி நல்லதில்லை. புது வால்வு நன்றாக வேலை செய்கிறது. மூன்றாம் நாள் மதியம் சூப் குடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று நெஞ்சுக்குள் மீன்பெட்டியைக் கவிழ்த்தாற்போல ஆகிவிட்டது. ஒரு துடிப்பு இங்கே, இரண்டு அங்கே, அப்புறம் ஒன்றுமில்லை, அப்புறம் நாலைந்து சேர்ந்தாற்போல. தலைமாட்டு மெஷினில் கோடு, குடிகாரன் கையெழுத்துப் போல ஓடியது. நர்ஸ் ஓடி வந்தாள். "பயப்படாதீங்க டோர்ஃபி, வயசானவங்களுக்கு இந்த ஆபரேஷனுக்கப்புறம் மூணு பேர்ல ஒருத்தருக்கு வரும்" என்றாள். "மத்த ரெண்டு பேரு எங்கே?" என்று கேட்டேன். ஃபின்போகி கையைத் தூக்கிக் காட்டினார்.

மறுநாள் யோருன் என்று ஒரு இளம் டாக்டர் வந்தாள். யாருக்கு இது வருகிறது, யாருக்கு வருவதில்லை என்று ரத்தத்தில் தேடுகிற ஆராய்ச்சியாம்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது நெஞ்சு இப்படித் துடிச்சிருக்கா?"

"எங்க வம்சம் பூராவும் நீங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்கீங்களே, எங்கிட்ட எதுக்குக் கேக்கிறே?"

"அதுல பேரும் தேதியும்தான் இருக்கு டோர்ஃபி. துடிப்பு இல்லை."

அப்போதுதான் அப்பா ஞாபகம் வந்தது, அக்கா. புல் அறுக்கும்போது அரிவாளை ஊன்றிக்கொண்டு நிற்பாரே. "ஒண்ணுமில்லடா, மீன் துள்ளுது. நிக்கட்டும்" என்பாரே. நாம் அதை வேடிக்கை என்றல்லவா நினைத்தோம். யோருனிடம் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். நான்காவது குரோமோசோமில் ஓரிடம் இருக்கிறதாம், அது ஒரு மாதிரியாக அமைந்தவர்களுக்கு இந்தத் துள்ளல் கூடுதலாக வருகிறதாம். ரத்தம் எடுத்துக்கொண்டாள். முடிவைத் தனி ஆளுக்குச் சொல்லும் வழக்கம் இல்லை என்றாள். "எனக்கு முடிவு வந்தாச்சு. காகிதம் எதுக்கு?" என்றேன். உன் ரத்தமும் கிடைத்தால் நல்லது என்கிறாள். கொடுப்பதும் விடுவதும் உன் இஷ்டம்.

மருந்தில் அடங்கவில்லை. 25ஆம் தேதிக்குள் விட மாட்டார்கள். ஸ்வாவாவிடம் நீதான் சொல்ல வேண்டும். எப்படியாவது சொல்.

டோர்ஃபி


ஈசஃபியோர்து
29 ஜனவரி

அன்புள்ள டோர்ஃபி,

அமைதி உன்னோடு இருக்கட்டும். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. புயலில் விமானம் மலைகளுக்கு நடுவே ஃபியோர்டுக்குள் இறங்க முடியாமல் திரும்பித் திரும்பிப் போய்விட்டது. தபால் மட்டும் இல்லை, கடையில் பாலும் இல்லை. பனி கீழ் ஜன்னலை மூடிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரர் மண்வெட்டியால் நம் வாசலைத் திறந்துவிட்டார். சேதியை அதற்கு முன்பே நர்ஸிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

உன் நெஞ்சில் நடப்பதை எனக்கு நானே இப்படிச் சொல்லிக்கொண்டேன். பள்ளிக்கூடத்தில் ஒருவர்தான் மணி அடிப்பார். அவர் அடித்தால் எல்லா வகுப்பும் ஒன்றாக எழும், ஒன்றாக உட்காரும். ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு மணியைக் கொடுத்துவிட்டால்? யாரும் தப்புச் செய்யவில்லை, எல்லோரும் மணிதான் அடிக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் நடக்காது.

அப்பாவைப் பற்றியும் யோசித்தேன். அப்பாவின் பையில் இரண்டு கோலிக்குண்டு என்று வைத்துக்கொள், ஒன்று கறுப்பு, ஒன்று வெள்ளை. ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார். உனக்குக் கறுப்பு வந்திருக்கலாம். எனக்கு எது வந்தது என்று தெரியாது. அவருக்கும் தெரியாது. கறுப்பு வந்த எல்லோருக்கும் துள்ளுவதில்லை, வெள்ளை வந்தவர்களுக்கும் வயதானால் துள்ளுவதுண்டு என்று படித்தேன். ஆகவே அப்பாவைக் குறை சொல்ல இடமில்லை. உன்னையும்தான். யோருனிடம் ரத்தம் கொடுப்பதாகச் சொல்.

ஸ்வாவா நன்றாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். நீல நூலில் கையுறை பின்ன ஆரம்பித்திருக்கிறாள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
ஹெர்டீஸ்


ரெய்க்யவிக்
5 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன வாரம் மயக்கம் கொடுத்து நெஞ்சில் மின்சாரம் வைத்தார்கள். எழுந்தபோது துடிப்பு ஒழுங்காக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் ஃபின்போகி, வீட்டிலிருந்து ஒளித்துக் கொண்டுவந்த புளித்த சுறாவை எனக்கும் ஒரு துண்டு தந்தார். வார்டு முழுக்க நாற்றம். "இது என் கால் வாடைம்மா" என்று நர்ஸிடம் சாதித்துவிட்டார். இரண்டு நாள் அப்படிப் போயிற்று. மூன்றாவது நாள் காலை பல் தேய்க்கும்போது மறுபடி தொடங்கிவிட்டது. ஃபின்போகி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டார்.

நாலு பக்கம் எழுதியிருக்கிறாய். பனி இருக்கிறது, பால் இருக்கிறது, மணி, கோலிக்குண்டு எல்லாம் இருக்கிறது. சூரியன் வந்ததா என்று ஒரு வரி இல்லை. அன்றைக்கு மேகமா? அப்பம் சுட்டாளா? நான் வரவில்லை என்றதற்கு என்ன சொன்னாள்?

அவள் என்னைக் கேட்கிறாளா?

டோர்ஃபி


ஈசஃபியோர்து
24 பிப்ரவரி

அன்புள்ள டோர்ஃபி,

நீ படிக்கும் நிலையில் இருக்கிறாயா என்றுகூடத் தெரியாமல் எழுதுகிறேன். கடவுள் உன் கட்டிலருகே இருக்கட்டும்.

நர்ஸ் எல்லாம் சொன்னாள். துடிப்பு தாறுமாறாக ஓடியதில் இதயத்துக்குள் தேங்கிய ரத்தம் கட்டியாகி மூளைக்குப் போய்விட்டது என்றாள். இடது காலும் இடது கையும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, பேச்சு தெளிவாக இருக்கிறது, வலது கையால் எழுத முடியும் என்றாள். ரத்தத்தை இளக்கும் மருந்து கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்களாம். கொடுத்தும் வந்துவிட்டது. இங்கிருந்து நான் என்ன செய்ய? விமானம் ஏறி உன்னிடம் வந்தால் ஸ்வாவாவை யாரிடம் விடுவது? அவளையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்று பார்த்தேன். கோட்டு மாட்டச் சொன்னதற்கே பயந்துபோய்க் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

இங்குள்ள ஆஸ்பத்திரியில் போய் ரத்தம் கொடுத்துவிட்டேன். நர்ஸ் என் பழைய மாணவியின் மகள். கையோடு நெஞ்சிலும் குழாயை வைத்துக் கேட்டாள். கொஞ்சம் கூடுதல் நேரம் கேட்டாள். டாக்டரையும் கூப்பிட்டாள். அது கிடக்கட்டும்.

சூரியனைப் பற்றிக் கேட்டிருந்தாய். வந்தது. அன்று வானம் தெளிவாக இருந்தது.

எழுந்து உட்காரச் சொன்னால் உட்கார். விரலை அசைக்கச் சொன்னால் அசை.

உன் அக்கா


ரெய்க்யவிக்
25 மார்ச்

அன்புள்ள அக்கா,

நலமாக இரு. எழுதி வெகுநாள் ஆகிவிட்டது. மன்னித்துக்கொள். இப்போது நடை பழக்கும் இல்லத்தில் இருக்கிறேன். இரண்டு கம்பிகளுக்கு நடுவே நடக்க விடுகிறார்கள். இடது கால் கூலிக்கு வந்த ஆள் மாதிரி, கூப்பிட்டால் யோசித்துவிட்டு வருகிறது.

யோருன் வந்தாள். அவளுக்கு என்னைப் பார்த்தால் பாவமாக இருந்திருக்கும், கேக் கொண்டுவந்தாள். தேடிப் பார்த்ததில் எட்டாம் தலைமுறையில் அவளும் நாமும் ஒரே பாட்டன் வழியாம்.

"அப்போ உனக்கும் அந்தத் துள்ளல் இருக்குமோ?" என்றேன்.

"இருக்கலாம்."

"பரிசோதனைக்கூடமே உன் கையில இருக்கு. பாத்துக்கலையா?"

"இல்லை."

"ஏம்மா?"

கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள். "பாத்து என்ன பண்ண, டோர்ஃபி? பேர் தெரிஞ்சா புயல் நின்னுருமா?"

அவள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன் மேல்தான் வருகிறது. மூன்று முறை கேட்டுவிட்டேன். ஸ்வாவா என்னைக் கேட்கிறாளா? ஜனவரியில் பாத்திரம் கழுவும்போதெல்லாம் கேட்கிறாள் என்று எழுதியவள் நீ. அப்புறம் கையுறை, பனி, பால். என் நெஞ்சு தாங்காது என்று நினைக்கிறாயா? அது எதைத்தான் தாங்கியது? எடுத்துக்காட்டு வேண்டாம், அக்கா. நடந்ததை எழுது.

டோர்ஃபி


ஈசஃபியோர்து
3 ஏப்ரல்

அன்புள்ள டோர்ஃபி,

உனக்கு மனபலம் கிடைக்கட்டும். நடந்ததை எழுதுகிறேன்.

25ஆம் தேதி புயல் ஓய்ந்து ஒரு பகல் வெளிச்சம் இருந்தது. நீ வர முடியாது என்று அதற்கு முன் ஒவ்வொரு நாளும் அவளிடம் சொன்னேன். ஒவ்வொரு நாளும் தலையை ஆட்டினாள், ஒவ்வொரு நாளும் மறந்தாள். அன்று காலை எனக்கு முன்னால் எழுந்து வெள்ளி ஊசி குத்திய நல்ல சட்டையைப் போட்டிருந்தாள். அப்பம் அவளே சுட்டாள். கை எதையும் மறக்கவில்லை. காகிதம் போல மெல்லிசாக, ஒன்றுகூடக் கிழியவில்லை. மேஜையில் மூன்று தட்டு.

"அண்ணி, படகு வந்திருச்சா?"

"அவன் தெற்கே ஆஸ்பத்திரியில இருக்கான் ஸ்வாவா. நெஞ்சு இன்னும் சரியாகலை."

"சூரியன் வந்தா வர்றேன்னு சொன்னாரு."

"வர முடியலைம்மா."

"சூரியன் வரட்டும். நீங்க பாருங்க."

மலை இடுக்கில் சூரியன் வந்தது. தெரு மஞ்சளாயிற்று. மேஜை விரிப்பில் வெளிச்சம் விழுந்தது. அவள் வாசல் கதவைப் போய்த் திறந்து வைத்துவிட்டு நின்றாள். குளிர் வீடு முழுக்க அடித்தது. நான் கதவை மூடச் சொல்லவில்லை. சூரியன் அன்றைக்கு நிற்கிற நேரம் உனக்குத் தெரியும், ஒரு கோப்பை காபி குடித்து முடிப்பதற்குள் மலை அதை மறுபடி எடுத்துக்கொண்டது. அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உன் தட்டைத் துணி போட்டு மூடி வைத்தாள். சாப்பிடவில்லை. அழவும் இல்லை.

மறுநாள் காலை துணியைத் தூக்கிப் பார்த்தாள். "இது யாரோட தட்டு?" என்று கேட்டாள்.

டோர்ஃபியோடது என்றேன். "ஓ" என்றாள். தட்டை எடுத்துக் கழுவி அடுக்கினாள். அன்றிலிருந்து உன் பெயரை அவள் எடுக்கவில்லை. படத்தைக் காட்டினேன். நல்ல முகம் என்றாள்.

உனக்கு இதை எழுத என் கை வரவில்லை. எழுதியிருந்தால் நீ அங்கே படுத்துக்கொண்டு என்ன செய்திருப்பாய்? எழுதாமல் இருந்து நான் என்ன செய்தேன்? இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்தவளுக்கு இது தெரியவில்லை.

ஹெர்டீஸ்


ரெய்க்யவிக்
29 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

நீ நலமா? படித்தேன். எழுதியதற்கு நன்றி.

டாக்டர் நேற்று உட்கார்ந்து பேசினார். இன்னொரு முறை மின்சாரம் வைத்தும் பயனில்லை. இனி இந்தத் துடிப்பு இப்படியேதான் இருக்கும், ரத்தம் இளக மாத்திரை, வேகம் குறைய மாத்திரை, ஊன்றுகோல். "இதோட வாழ்ந்துக்கலாம் டோர்ஃபி, நிறைய பேர் வாழறாங்க" என்றார். அப்பாவும் வாழ்ந்தார்தான்.

மே 12 விமானத்தில் வருகிறேன். அவளிடம் சொல்ல வேண்டாம். இனி எதற்கும் நாள் குறித்துச் சொல்ல வேண்டாம்.

டோர்ஃபி


ரெய்க்யவிக்
14 மே

அன்புள்ள டோர்ஃபி,

வீடு உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். விமான நிலையத்தில் நாம் பேச நேரமில்லை. உன்னை இறக்கிவிட்டு அதே விமானம் திரும்புவதற்குள் நான் ஏற வேண்டியிருந்தது. என் பெட்டியைப் பார்த்து "எங்கே கிளம்பிட்டே?" என்று நீ கேட்டபோது உன் முகம் எப்படி ஆனது என்று எனக்கு மறக்கவில்லை. அதே வால்வு, அதே ஆபரேஷன் என்று நான் சொன்னதும் நீ ஊன்றுகோலைக் கீழே போட்டுவிட்டாய். விமானப் பணிப்பெண் எடுத்துக் கொடுத்தாள். அவ்வளவுதான் நம் சந்திப்பு.

பிப்ரவரியில் நர்ஸ் கூடுதல் நேரம் கேட்டாளே, அதுதான். உன்னிடம் சொல்லியிருந்தால் நீ கம்பியைப் பிடித்து நடக்கும்போதே கிளம்பி வந்திருப்பாய். நீ வந்தாலொழிய நான் போக முடியாது, நீ நடந்தாலொழிய வர முடியாது. எனவே வாயை மூடிக்கொண்டேன்.

யோருன் இங்கே என்னைப் பார்க்க வந்தாள். கோலிக்குண்டுக் கதையைச் சொன்னேன். மரியாதையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு ஹெர்டீஸ். ஆனா கோலி ரெண்டு இல்லை, நூத்துக்கணக்குல. நாங்க ஒண்ணு ரெண்டைத்தான் பாத்திருக்கோம்" என்றாள். என் கையில் இருப்பது என்ன என்று கேட்டேன். "சொல்றதுக்கு அனுமதி இல்லை. சொன்னாலும் ஆபரேஷனை மாத்த மாட்டாங்க" என்றாள். வெகுநேரம் என் கட்டிலருகே உட்கார்ந்திருந்தாள். தம்பிக்குத் துள்ளல் வந்தது என்பதால் முன்கூட்டியே ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். வருவது கொஞ்சம் குறையலாமாம். நீ பட்ட பாட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது அந்த ஒரு மாத்திரை. தினமும் அதை விழுங்கும்போது உன்னை நினைக்கிறேன்.

நாளை மறுநாள் காலை ஆபரேஷன். ஸ்வாவா உன்னை எப்படி வரவேற்றாள் என்று எழுது. எதையும் விடாமல் எழுது. இந்த முறை கேட்பது நான்.

உன் அக்கா,
ஹெர்டீஸ்


ஈசஃபியோர்து
19 மே

அன்புள்ள அக்கா,

நீ கண் விழித்து நலமாக இருப்பதாக நினைத்துக்கொண்டுதான் தொடங்குகிறேன். ஆபரேஷன் முடிந்தது, நன்றாக இருக்கிறாய் என்று உதவிக்கு வரும் பெண் தொலைபேசியில் கேட்டு எனக்குச் சொன்னாள். இன்று உனக்கு மூன்றாம் நாள், எனக்குத் துள்ளத் தொடங்கிய நாள். அவள் மதியம் வந்துதான் மறுபடி கூப்பிட முடியும். அதுவரை எனக்குச் செய்ய ஒன்றுமில்லை, எழுதுகிறேன். இது உன் கைக்கு வரும்போது இன்றைக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்கும்.

எதையும் விடாமல் எழுதச் சொன்னாய்.

அன்றைக்குப் பக்கத்து வீட்டு அம்மாள்தான் அவளோடு இருந்தாள். நான் தட்டியதும் ஸ்வாவா வந்து கதவைத் திறந்தாள். "யாரு வேணும்?" என்றாள். "டோர்ஃபி" என்று மட்டும் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது, அக்கா. "டோர்ஃபி இல்லையே. தெற்கே போயிருக்காரு. உள்ள வாங்க, வந்திருவாரு" என்றாள்.

என் பெயரை அவள் சொன்னாள். நீ எத்தனை மாதம் அதற்காகக் காத்திருந்தாய் என்று நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் அவள் வீட்டு விருந்தாளி. நல்ல கோப்பையில் காபி தருகிறாள். நான் எழுந்தால் ஊன்றுகோலை எடுத்துத் தருகிறாள். டோர்ஃபியைப் பற்றி நிறையச் சொல்கிறாள். எனக்கே தெரியாததெல்லாம். "அவரு தூங்கினப்புறம் நான் நெஞ்சுல காது வச்சுக் கேப்பேன். அவருக்குத் தெரியாது. சீரா ஓடும், அடுப்படிக் கடிகாரம் மாதிரி. அதைக் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வரும்." நாற்பத்தைந்து வருஷத்தில் இதை அவள் என்னிடம் சொன்னதே இல்லை.

நேற்று சாயங்காலம் இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம், அவள் வானொலி கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சொருகியது. மெதுவாக என் பக்கம் சாய்ந்தாள். தலை என் நெஞ்சில் வந்து படிந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டேன். அடங்கு, அடங்கு, ஒரே ஒரு நிமிஷம் ஒழுங்காக ஓடு என்று உள்ளே இருந்ததிடம் கெஞ்சினேன். அப்பா, யோருன், அந்த நான்காவது குரோமோசோம், யாரிடம் கெஞ்சுவது என்றே தெரியவில்லை. அது தன் பாட்டுக்குத் துள்ளியது.

அவள் வெகுநேரம் கேட்டாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஓர் இரக்கம்.

"உங்களுக்கு உடம்பு சரியில்லை. டாக்டரைப் பாருங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காரு. அவருது நல்ல நெஞ்சு."

சரி, பார்க்கிறேன் என்றேன்.

இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறாள். நான் அடிக்கொரு தரம் தொலைபேசியைப் பார்ப்பதை அவளும் பார்த்துவிட்டாள். "நீங்களும் யாருக்காச்சும் காத்துக்கிட்டு இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா. எங்க அக்காவுக்கு."

நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அப்போ உக்காருங்க. ரெண்டு பேருமா காத்திருப்போம்" என்றாள்.

உட்கார்ந்திருக்கிறோம், அக்கா.

உன் தம்பி,
டோர்ஃபி